திறந்த வாசல் எல்லாம் நுழைய வேண்டிய வாசலா?

வாசகியின் கடிதம்: "பல ஆண்டுகளாக ஒரே பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். சிறுவயதிலிருந்தே ஜெபத்தோடும் வேத வாசிப்போடும் வளர்ந்தவள். எங்கள் தலைமை ஆசிரியையை நிர்வாகம் திடீரென்று பதவியிலிருந்து நீக்கிவிட்டு, அந்த இடத்தை எனக்குத் தர முன்வந்திருக்கிறது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அவரை நீக்கியது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் முழு விவரமும் எனக்குத் தெரியாது. ஜெபக்குழுவில் உள்ள மூத்த சகோதரி ஒருவர், 'இது கர்த்தர் உனக்குத் திறந்த வாசல், ஏற்றுக்கொள்ளச் சொல் என்று அவரே என்னோடு பேசினார்' என்கிறார். நானும் ஜெபித்துவிட்டு, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து பார்த்தேன். ஒருநாள் ஏற்கச் சொல்வதுபோலவும், மறுநாள் விலகச் சொல்வதுபோலவும் வசனம் வந்தது. எல்லாரோடும் பேசுகிற தேவன் என்னோடு பேசியதே இல்லை. அவரோடு நெருங்கிய உறவு இருந்தால் ஞானம் தானாக வரும் என்று பிரசங்கங்களில் கேட்கிறேன். அப்படியானால் என் உறவில் என்ன குறை? சந்தேகத்தோடு கேட்கிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்று யாக்கோபு எழுதியிருப்பதால், கேட்பதற்கே பயமாக இருக்கிறது."

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பதவியை ஏற்கலாமா என்பது ஒன்று. தேவன் ஏன் என்னோடு பேசுவதில்லை என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை கிடைத்தால்தான் முதலாவதற்குள் போக முடியும் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. ஆகவே நானும் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஏற்றுக்கொள்ளுங்கள் என்றோ மறுத்துவிடுங்கள் என்றோ இந்தப் பதிலில் நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு வழிசொல்ல ஏற்கெனவே அந்த மூத்த சகோதரி இருக்கிறார். இன்னொருவர் கூடினால் குழப்பம்தான் கூடும்.

முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம். யாக்கோபு தமது நிருபத்தைச் சோதனைகளில் அகப்பட்டுத் தவித்தவர்களுக்கே எழுதினார். ஞானத்தைக் குறித்த வாக்கியம் அந்தச் சோதனைகளைப் பற்றிய பேச்சின் நடுவில்தான் வருகிறது: "உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால், யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவரும் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவனிடத்தில் கேட்கக்கடவன்." இதில் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்ற சொற்களை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். இத்தனை வருடம் வேதம் வாசித்தும் இதுகூடத் தெரியவில்லையா என்று கேட்கிறவர் அல்ல அவர் என்பதை, கேட்கத் தயங்குகிறவர்களை மனதில் வைத்தே யாக்கோபு எழுதியிருக்க வேண்டும். அடுத்த வசனங்களில் அவர் எச்சரிக்கிற இருமனம் என்பது பதற்றமோ, பதில் வருமோ வராதோ என்ற தவிப்போ அன்று. அதே நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் மறுபடியும் இருமனமுள்ளவர்களைக் கூப்பிட்டுக் கண்டிக்கும்போது, உலகத்தோடும் சிநேகம், தேவனோடும் சிநேகம் என்று இரண்டையும் பிடித்துக்கொண்டிருப்பவர்களையே அவர் குறிப்பிடுகிறார். முடிவை முன்னமே எடுத்துவிட்டு அதற்குத் தேவனிடத்தில் ஒப்புதல் மட்டும் வாங்க வருகிறவன் இருமனமுள்ளவன். நடுங்கிக்கொண்டு கேட்கிறவன் அப்படிப்பட்டவன் அல்ல. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லையே. தயங்காமல் கேளுங்கள்.

இனி, ஞானம் எந்த வடிவத்தில் வருகிறது என்பது. நீங்கள் எதிர்பார்ப்பது ஒரு செய்தி: ஆம் அல்லது இல்லை. செய்தி வந்தால் நெருக்கம் உண்டு, வராவிட்டால் இல்லை என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஞானத்துக்கு வேதம் தருகிற முதன்மையான உதாரணத்திலேயே இந்தக் கணக்கு தப்பிப்போகிறது. கிபியோனில் சாலொமோன் அரசன் நீடித்த ஆயுளையோ ஐசுவரியத்தையோ கேட்காமல், நன்மை தீமையை வகையறுக்கும் இருதயத்தைக் கேட்டான்; தேவன் கொடுத்தார். கொடுக்கப்பட்டது எப்படி வேலை செய்தது என்பதைக் காட்ட, அடுத்தாற்போலவே ஒரு வழக்கு வருகிறது. ஒரே வீட்டில் குடியிருந்த இரண்டு பெண்கள், இறந்த குழந்தை ஒன்று, உயிருள்ள குழந்தை ஒன்று, சாட்சி யாருமில்லை. அந்த இடத்தில் இன்னவள்தான் தாய் என்று தேவன் சாலொமோனின் காதில் சொல்லவில்லை. இருவர் சொன்னதையும் அவன் தன் வாயால் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறான்; உயிருள்ள பிள்ளையை இரண்டாகப் பிளக்க ஒரு பட்டயத்தை, அதாவது வாளை, கொண்டுவரச் சொல்கிறான்; பெற்றவளின் வயிறு எப்படித் துடிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான். ஜனங்களோ அவனிடத்தில் தேவன் அருளின ஞானம் உண்டென்று கண்டு பயந்தார்கள். தேவன் தந்த ஞானம் என்பது அங்கே, எதிரில் நிற்கும் மனுஷியைச் சரியாகப் பார்க்கும் பார்வையாகவே இருந்தது.

இதே சாலொமோனின் முடிவையும் நீங்கள் அறிவீர்கள். முதலாம் ராஜாக்கள் 11ஆம் அதிகாரம், அவனுடைய இருதயம் தேவனை விட்டுத் திரும்பியதைச் சொல்லும்போது ஒரு குறிப்பைச் சேர்க்கிறது: கர்த்தர் அவனுக்கு இரண்டு முறை தரிசனமாகியிருந்தார். அதாவது, இன்று யாராவது எழுந்து சாட்சி சொன்னால் நாம் வாய்பிளந்து கேட்கக்கூடிய அனுபவம் அவனுக்கு இரண்டு தடவை கிடைத்தது. அது அவனைக் காப்பாற்றவில்லை. வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளும் பொருளாக ஞானம் இருந்திருந்தால், அவனைவிட அதிகமாய் வைத்திருந்தவர் யாருமில்லை. கொடுத்தவரோடு நடக்கிற நடை நின்றபோது, கொடுக்கப்பட்டதும் அவன் கையில் வெறும் சாமர்த்தியமாகிவிட்டது. ஆகவே, தேவன் பேசுவதைக் கேட்டேன் என்று சொல்லுகிறவர்களை அளவுகோலாக வைத்து உங்கள் உறவை அளக்காதீர்கள். தரிசனம் கண்டவர்களில் விலகிப்போனவர்கள் உண்டு. ஒரு குரலும் கேளாமல் கடைசிவரை அவரோடு நடந்தவர்கள் சபைகளின் பின்வரிசைகளில் ஏராளமாய் உண்டு. இந்தப் பணியில் நான் சந்திக்கிறவர்களில் பெரும்பான்மையினர் அந்த இரண்டாம் வகையினர்தான். அவர்களில் பலர், உங்களைப் போலவே, தங்களிடம் ஏதோ குறை இருப்பதாக நம்பிக்கொண்டு வருகிறார்கள்.

அப்படியானால் நெருக்கம் என்ன செய்கிறது? 73ஆம் சங்கீதத்தை ஒரே மூச்சில் வாசிக்காமல் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். அதைப் பாடிய ஆசாப் துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு பொறாமை கொள்கிறான். தன் கைகளைக் குற்றமில்லாமையிலே கழுவினதெல்லாம் வீண் என்று நினைக்கிறான். யோசித்துப் பார்த்தும் விளங்கவில்லை. தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசிக்கும்வரை அது அவனுக்கு விசனமாகவே இருந்தது. உள்ளே போனபின் அவனுக்குப் புதிய தகவல் ஏதும் தரப்படவில்லை. துன்மார்க்கர் முன்புபோலவே கொழுத்திருந்தார்கள். மாறியது அவன் நின்ற இடம். அங்கிருந்து பார்த்தபோது அவர்களுடைய முடிவும் தெரிந்தது, தன்னுடைய மூடத்தனமும் தெரிந்தது. "உமக்கு முன்பாக மிருகம் போலிருந்தேன்" என்று அவன் ஒப்புக்கொள்வது கசப்போடு அல்ல. உடனே, நீர் என் வலதுகையைப் பிடித்துத் தாங்குகிறீர், உம்முடைய ஆலோசனையின்படி என்னை நடத்துவீர் என்கிறான். ஆலோசனை அந்தச் சங்கீதத்தில் தனியே வருவதில்லை. கையைப் பிடித்த பிடியோடு சேர்ந்து வருகிறது. உங்கள் ஜெபம் இதுவரை ஆலோசனையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறதோ என்பது என் சந்தேகம்.

ஸ்பெயின் நாட்டுத் துறவியான அவிலாவின் தெரேசா (1515–1582), ஜெபம் என்பது நம்மை நேசிக்கிறவர் என்று நாம் அறிந்த ஒருவரோடு அடிக்கடி தனித்திருந்து நட்போடு உரையாடுவதே என்று எழுதினார். நண்பரிடம் நாம் விண்ணப்பம் எழுதி நீட்டிவிட்டு வாசலில் காத்திருப்பதில்லை. மனதில் இருப்பதைச் சொல்கிறோம். இந்தப் பதவி விஷயத்தில் உங்கள் மனதில் இருப்பது என்ன? கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: அந்தப் பதவியின் மேல் உங்களுக்கு ஆசை இருக்கிறதா? இருந்தால் அது பாவமல்ல. ஆனால் அதைத் தேவனுக்கு முன்பாக இதுவரை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? "உமது சித்தம் ஆகட்டும்" என்ற ஜெபத்துக்குள் நம் ஆசையை நாமே ஒளித்துவைத்துவிட்டால், பிறகு வருகிற ஒவ்வொரு எண்ணமும் தேவனிடமிருந்து வந்ததா, ஒளித்துவைத்த இடத்திலிருந்து வந்ததா என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. ஆசையையும், உங்கள் தலைமை ஆசிரியையின் மேல் உங்களுக்கு இருக்கும் நன்றியையும், எப்போதோ அவர்மேல் ஏற்பட்டு ஆறாமல் கிடக்கும் மனத்தாங்கல் ஏதேனும் இருந்தால் அதையும், நிர்வாகத்தைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தையும், அழகுபடுத்தாமல் அவரிடம் சொல்லுங்கள். சங்கீதங்கள் பேசுகிற விதம் அதுதான். இதற்குச் சொல்திறமை தேவையில்லை.

வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 386ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டத்தில், பின்னாளில் ஆயரும் பெரும் இறையியலாளருமான அகுஸ்தீன், எடுத்து வாசி என்று ஒரு பிள்ளையின் குரல் கேட்டு, நிருபத்தைத் திறந்து, கண்ணில் பட்ட ரோமர் 13ஆம் அதிகார வசனங்களால் மனந்திரும்பிய சம்பவத்தை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அவர் அதற்கு முன் மிலான் ஆயர் அம்புரோசின் பிரசங்கங்களை நெடுநாள் கேட்டவர். பவுலின் நிருபங்களைக் கையில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தவர். விட வேண்டியது எது என்பது முன்னமே அவருக்குத் தெரியும், விட மனம்தான் வரவில்லை. அதே அகுஸ்தீன் பின்னாளில் ஒரு கடிதத்தில், உலகக் காரியங்களுக்காக நற்செய்தி ஏடுகளைத் திறந்து சீட்டுப்போட்டுப் பார்ப்பதுபோல் பார்க்கும் வழக்கம் தமக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினார். வசனம் தீபம் என்பது உண்மை; ஆனால் 119ஆம் சங்கீதத்தில் அப்படிச் சொன்னவன் அதைப் பகல் முழுவதும் தியானித்தவன். ஒரு சங்கீதத்தையோ நற்செய்தியில் ஒரு சிறு பகுதியையோ எடுத்து, தினமும் அதே பகுதியை மெதுவாக வாசித்து, ஒரு வரி உங்களை நிறுத்துகிற இடத்தில் நின்று, அதைப் பற்றி அவரிடம் பேசி, பின் சும்மா இருங்கள். வாசிப்பு, தியானம், ஜெபம், மௌன நோக்கு என்று இதையே 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கைகோ என்னும் துறவி ஏணியின் நான்கு படிகளாக எழுதிவைத்தார். பதவியைப் பற்றிய வசனமாக இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள். பெரும்பாலும் அது வேறு எதையோ பற்றித்தான் உங்களோடு பேசும்; அங்கேதான் வேலை நடக்கும்.

இனி அந்தத் திறந்த வாசல். சூழ்நிலைகள் ஒத்துவருவதைத் தேவசித்தத்துக்கு முத்திரையாக எடுத்துக்கொள்ளும் பேச்சு நம்மிடையே மிகவும் மலிந்துவிட்டது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், துரோவா பட்டணத்தில் கர்த்தராலே தமக்குக் கதவு திறக்கப்பட்டிருந்தது என்கிறார். கர்த்தராலே என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் தீத்துவைக் காணாததினாலே தம்முடைய ஆவிக்கு அமைதலில்லாமல், அங்கிருந்தவர்களிடம் விடைபெற்றுக்கொண்டு மக்கெதோனியாவுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். ஒரு சகோதரனைப் பற்றிய கவலைக்காக, கர்த்தர் திறந்த கதவையே அவர் விட்டுப்போனார். அதற்காகத் தம்மைக் குற்றப்படுத்திக்கொள்ளவும் இல்லை.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது 1 சாமுவேல் 24ஆம் அதிகாரம். அரசன் சவுல் மூவாயிரம் பேரோடு தாவீதைக் கொல்லத் தேடி என்கேதியின் வனாந்தரத்துக்கு வருகிறான்; தன்னந்தனியாக ஒரு கெபிக்குள், அதாவது குகைக்குள், நுழைகிறான்; அந்தக் கெபியின் உட்புறத்திலேயே தாவீதும் அவன் மனுஷரும் ஒளிந்திருக்கிறார்கள். இதைவிடத் திறந்த வாசல் இருக்க முடியுமா? தாவீது ஏற்கெனவே சாமுவேலால் அபிஷேகம் பண்ணப்பட்டவன், சிங்காசனம் அவனுக்கு வாக்குப்பண்ணப்பட்டது, சவுலோ அநியாயக்காரன். கூட இருந்தவர்கள் வெறுமனே சந்தர்ப்பத்தைச் சுட்டிக்காட்டவில்லை. கர்த்தர் உன்னோடே சொன்ன நாள் இதுவே என்று கர்த்தருடைய பெயரைச் சொல்லியே ஏவினார்கள். தாவீது மெல்ல ஊர்ந்துபோய்ச் சவுலின் வஸ்திரத் தொங்கலை அறுத்துக்கொள்கிறான். அறுத்தது துணிதான், ஆனாலும் அவன் மனது அடித்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறது. அந்த அடிப்பைக் கேட்டுத்தான் அவன் நின்றான். தன் ஆட்களையும் தடுத்தான். கெபிக்குள் வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. ஆடு மேய்த்த நாட்களிலிருந்து தேவனோடு பேசிப் பழகிய ஒரு மனம், தனக்கு வர வேண்டியதே ஆனாலும் இந்த வழியில் வரக்கூடாது என்று உணர்ந்தது. நெருக்கத்தினால் வருகிற ஞானம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதை வைத்து, ஆகவே பதவியை மறுத்துவிட வேண்டும் என்று நீங்கள் முடிவுகட்ட வேண்டாம். சவுல் போர்க்களத்தில் மாண்டபின் தாவீது அரசனானான். அப்போதும் சிங்காசனம் காலியான இடம்தான். காலியான இடத்தில் அமர்வது தவறல்ல. எப்படிக் காலியானது, அதில் என் கை இருந்ததா, இனி நான் எதைக் குறித்து வாய்மூடி இருக்க வேண்டிவரும் என்பவைதான் கேள்விகள். இவற்றில் சிலவற்றுக்கு ஜெபத்தில் விடை கிடைக்காது, விசாரித்தால்தான் கிடைக்கும். முழு விவரமும் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தெரிந்துகொள்ளக்கூடியதைத் தெரிந்துகொள்ளாமல், அதைத் தேவன் வெளிப்படுத்த வேண்டும் என்று காத்திருப்பது விசுவாசம் ஆகாது. நிர்வாகத்திடம் நீக்கத்தின் காரணத்தைக் கேளுங்கள். சொல்லக்கூடியதைச் சொல்வார்கள், சொல்ல மறுப்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்த அந்த அம்மையாரை நேரில் போய்ப் பாருங்கள். அவரைச் சந்தித்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஜெபக்குழுவிலும் வேதப் புத்தகத்திலும் தேடிய அமைதியின்மைக்குக் காரணம் அந்தச் சந்திப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பதாகக்கூட இருக்கலாம்.

மூத்த சகோதரியின் வார்த்தையை என்ன செய்வது? அவர் பொய் சொல்கிறார் என்று எண்ண வேண்டியதில்லை. உங்கள்மேல் அன்பினாலும் அவர் பேசியிருக்கலாம். ஆனாலும், "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது, தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்ற வாக்கியத்துக்கு அடுத்தபடியாகத்தான். மதிப்பதும் சோதிப்பதும் சேர்ந்தே போகின்றன. பாலைவனத் துறவிகளின் உரையாடல்களைப் பதிவுசெய்த யோவான் கசியான், ஏரோன் என்ற முதியவரைப் பற்றிச் சொல்கிறார். 50 ஆண்டுகள் பாலைவனத்தில் கடும் உபவாசத்தோடு வாழ்ந்தவர். உயிர்த்தெழுதல் பண்டிகை நாளில்கூடச் சகோதரர்களோடு அமர்ந்து உண்ணாதவர். யாருடைய ஆலோசனையையும் கேளாதவர். ஒளியின் தூதன் என்று தாம் நம்பிய உருவத்தின் சொல்லைக் கேட்டு, தமக்கு ஒன்றும் ஆகாது என்ற உறுதியோடு ஆழக்கிணற்றில் குதித்தார். மூன்றாம் நாள் இறந்துபோனார். வெளியே எடுத்தபோதும், தாம் ஏமாற்றப்பட்டதாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவரிடம் பக்தி குறைவாக இருந்தது என்று கசியான் சொல்லவில்லை. தன் எண்ணத்தை இன்னொருவர் முன் வைத்துப் பார்க்கும் பணிவுதான் இல்லை என்கிறார். தெரேசாவும், தமக்கு அத்தனை தரிசனங்கள் இருந்தும், பக்தி மட்டும் உள்ளவரைவிடக் கல்வியும் உள்ள ஆன்ம வழிகாட்டியையே நாடினார்.

நெருங்கிய உறவு உள்ளவருக்கு மற்றவர் ஆலோசனை தேவையில்லை என்ற எண்ணமும் தவறு. என்கேதியில் அவ்வளவு தெளிவாக நடந்த தாவீது, அடுத்த அதிகாரத்திலேயே, நாபால் பேசிய இழிசொல்லுக்காக 400 பேரோடு பட்டயத்தைக் கட்டிக்கொண்டு கொலைசெய்யப் புறப்படுகிறான். தடுத்தது நாபாலின் மனைவி அபிகாயில். கழுதைகளில் அப்பமும் திராட்சரசமும் ஏற்றிக்கொண்டு வழியில் எதிர்ப்பட்டு, நீர் ராஜாவாகும் நாளில் இந்த இரத்தப்பழி உமக்கு இடறலாக வேண்டாம் என்று பொறுமையாகப் பேசினாள். உன்னை இன்று என்னைச் சந்திக்க அனுப்பினவர் கர்த்தர் என்று தாவீது ஒப்புக்கொண்டான். ஆகையால் யாராவது ஒருவரோடு கட்டாயம் பேசுங்கள். ஆனால் முடிவால் லாபமோ நஷ்டமோ அடையாதவராகவும், உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்லும் துணிவு உள்ளவராகவும், கேட்டதை வெளியே சொல்லாதவராகவும் அவர் இருக்கட்டும். ஜெபக்குழு முழுவதிலும் இதைப் பரப்ப வேண்டாம். பதவி நீக்கப்பட்டவரின் மானமும் இதில் இருக்கிறது. அந்த மூத்த சகோதரியிடம், "நீங்கள் சொன்னதை மனதில் வைத்து ஜெபிக்கிறேன், முடிவை நான் தேவனுக்கு முன்பாக எடுக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் அவர் வற்புறுத்தினால், அந்த வற்புறுத்தலையும் சோதிக்க வேண்டியவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும் விதத்தை யாக்கோபே கொடுத்திருக்கிறார். மூன்றாம் அதிகாரத்தில், வைராக்கியமும் விரோதமும் எங்கே உண்டோ அங்கே கலகமும் சகல துர்ச்செய்கைகளும் உண்டு என்கிறார். பரத்திலிருந்து வருகிற ஞானமோ முதலாவது சுத்தமுள்ளது, பின்பு சமாதானமும் சாந்தமும் இணக்கமும் உள்ளது, பட்சபாதமில்லாதது, மாயமற்றது. பதவியை ஏற்பதாக ஒரு நாள் முழுவதும் மனதில் வைத்துக்கொண்டு நடமாடிப் பாருங்கள். இன்னொரு நாள் மறுத்துவிட்டதாக வைத்துக்கொண்டு நடமாடிப் பாருங்கள். ஒவ்வொரு இரவிலும், அன்று உங்களுக்குள் எழுந்தது என்ன என்று தேவனுக்கு முன்பாக நினைத்துப் பாருங்கள்: பிள்ளைகளைப் பற்றிய அக்கறையும் நிதானமும் எழுந்தனவா, அல்லது யாருக்கு என்ன விளக்கம் சொல்வது என்ற ஒத்திகையே ஓடிக்கொண்டிருந்ததா? 1521இல் பம்பலோனாவில் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்த, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், வீரப்புகழைப் பற்றிய கனவுகள் இனித்துவிட்டுப் பின் வறட்சியை விட்டுச்செல்வதையும், புனிதர்களைப் போல் வாழும் எண்ணம் வந்துபோன பின்னும் மகிழ்ச்சியை விட்டுவைப்பதையும் கவனித்தார். எண்ணங்களை அவை வரும்போது அளக்காமல் போனபின் விட்டுச்செல்வதைக் கொண்டு அளக்கும் இந்தப் பழக்கம் அங்கிருந்துதான் அவருக்கு வந்தது. அவர் தந்த இன்னொரு வழியும் உங்களுக்குப் பயன்படும்: முன்பின் தெரியாத ஒரு பெண் இதே நிலையில் உங்களிடம் வந்து கேட்டால், தேவனுடைய மகிமைக்கும் அவள் ஆத்துமாவின் நலனுக்கும் ஏற்றதாக என்ன சொல்வீர்களோ, அதை நீங்களே செய்யுங்கள் என்றார். மனம் இருண்டு, ஜெபம் கசந்து கிடக்கும் நாளில் புதிய தீர்மானம் எதையும் எடுக்காதீர்கள், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்ததையும் மாற்றாதீர்கள் என்ற அவருடைய விதியைத் தேவை ஏற்படும்போது நினைவில் கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பின்னும் பதில் சொல்ல வேண்டிய நாள் வந்துவிடலாம். உள்ளத்தில் தெளிவான குரல் ஒன்றும் கேட்காமலும் இருக்கலாம். அப்போது என்ன செய்வது என்று பதற வேண்டாம். எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடி, மிகுந்த தர்க்கம் நடந்தபின், சபையின் எதிர்காலத்தையே தீர்மானித்த அந்த நிருபத்தில், "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள். தர்க்கம் பண்ணினார்கள், சாட்சிகளைக் கேட்டார்கள், வேதத்தோடு ஒப்பிட்டார்கள், பின்பு நலமாகக் கண்டதைச் செய்தார்கள். ஆவியானவர் அந்த வழக்கமான வேலைகளுக்கு வெளியே நின்று தனியே பேசியதாக அவர்கள் எழுதவில்லை. உங்களுக்கும் நலமாகக் காண்பதை, தவறினால் திருத்துகிறவர் உடன் இருக்கிறார் என்ற நம்பிக்கையோடு, உங்கள் பொறுப்பிலேயே செய்யுங்கள். ஏற்றாலும் மறுத்தாலும், கர்த்தர் சொன்னார் என்று அதற்கு மேல் ஒரு முத்திரை குத்தி யாருக்கும் அறிவிக்க வேண்டாம்.

நிர்வாகம் உடனடியாகப் பதில் கேட்டால், இரண்டு வார அவகாசம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நியாயமான கோரிக்கைதான், கூச்சப்பட வேண்டாம். அந்த அவகாசத்தின் முதல் சில நாட்களுக்குள் உங்கள் பழைய தலைமை ஆசிரியையைப் போய்ப் பார்த்துவிடுங்கள். முடிவு எதுவாக இருந்தாலும், அதை அவர் பள்ளியில் வேறு யார் வாயாலும் கேட்பதற்கு முன்பு, நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.